சலீம் நானாவிடம் நான் சொல்லாத பிழை

1. நீள வார இறுதிக்கு முந்திய வியாழக்கிழமை

ஸ்காபரோவில் துப்பாக்கி திருத்தும் கடை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி, "இவர் மெஷின் ஷொப்பில வேலை" என்றுதான் சொல்வார். பொய்யில்லை, கடையில் லேத்தும் இருந்தது, மில்லிங் மெஷினும் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துக்காரன் ஒருவன் துப்பாக்கி திருத்துகிறான் என்றால் அடுத்ததாக என்ன கேள்வி வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ், பொலிஸ் விசாரணை எல்லாம் முறைப்படி முடித்து வந்தவன்தான் நான். என்றாலும் அந்த வருடம் நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடம் என்றால் போர் முடிந்த வருடம். மே மாத நடுப்பகுதி. டவுன்டவுனில் எங்கள் சனம் போரை நிறுத்தச்சொல்லி வீதியில் நின்றது. என் அக்கா போர் நடந்த வன்னியில் இருந்தார். மூன்று கிழமையாக அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. விக்டோரியா டே விடுமுறைக்காக பொஸ் கொட்டேஜுக்குப் போய்விட்டார். கடைச் சாவி முதல் தடவையாக என் கையில் இருந்தது.

அன்று பின்னேரம் வந்தவர்தான் சலீம் நானா. நானா என்பது முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற சொல். வோபர்னில் வீடு, வீடு வீடாகப் போய், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபேனஸ் திருத்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய கிளப்பில் குறிபார்க்கும் போட்டி. அவர் பெயர் கொடுத்த முதல் போட்டி அது. ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நாலைந்து வெடிக்கு ஒருதரம், முன்னும் பின்னும் ஓடுகிற மேல்பாகமான ஸ்லைட் முழுதாக மூடாமல் இடையில் நின்றுவிடுகிறது என்றார். ரவைகள் அவரே கராஜில் இருந்து செய்தவை. பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து காட்டினார். இருநூறு இருக்கும், பல்வரிசை போல அடுக்கியிருந்தார். மனிதருக்கு அதில் பெரிய பெருமை.

2. ரவையா, இரும்பா?

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை விளக்கமாகச் சொல்லவேண்டும். பிஸ்டல் சிக்கினால் உடனே டிறெமலை, அந்தச் சுழன்று தேய்க்கிற மெஷினை, கையில் எடுக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. எங்கள் பொஸ் அதைக் கண்டால் டிறெமலின் வயரையே பிடுங்கிவிடுவார். முதலில் ரவையைச் சந்தேகி, பிறகு மகசீனைப் பார், இரும்பைக் கடைசியில் தொடு என்பது அவருடைய சட்டம்.

காரணம் சுலபமானது. வீட்டில் ரவை செய்கிறவர்கள் வெடித்து மிஞ்சிய பித்தளைக் கோதைத் திரும்பப் பாவிக்கிறார்கள். கோதின் வாயைக் கொஞ்சம் விரித்துத்தான் குண்டாகப் பாய்கிற சன்னத்தை இருத்தலாம். இருத்தியபின் அந்த விரிவைத் திரும்ப ஒடுக்கவேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் ரவை, பரல் என்கிற குழாயின் பின்வாசலான சேம்பருக்குள் பாதியில் நின்றுகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பரலைக் கழற்றி ரவையை உள்ளே விட்டால் 'டொக்' என்று விழுந்து, கவிழ்த்தால் திரும்ப வெளியே விழவேண்டும்.

நானாவின் முதலாவது ரவை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதை நகத்தால் கிளப்பி எடுக்கவேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் பிழை பிடிபட்டுவிட்டது. அத்தோடு என் வேலை முடிந்திருக்கவேண்டும்.

நான் நிமிரும்போது அவர் என் சட்டையிலிருந்த பெயரை வாசித்துவிட்டார்.

"தம்பி யாழ்ப்பாணமோ? எவடம்?"

"கொட்டடி."

"நாங்கள் சோனகத் தெரு" என்றார்.

இரண்டும் நடந்து போகிற தூரம். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் தமிழ் இயக்கம் அந்தத் தெரு முஸ்லிம் சனத்தை மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச்சொன்னது. உடுத்த உடுப்போடு போனார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, லேத் கடையில் வேலை.  அவர் அதை விட்டு, வன்னியில் என் ஆட்கள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். அக்கா இருக்கிறார் என்றேன். அல்லாஹ் காப்பாற்றட்டும் என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். 

பிறகு கேட்டார், "என்ர ரவையில ஏதும் பிழையோ?"

"இல்லை நானா, ரவை நல்லாயிருக்கு. ராம்ப்தான் கொஞ்சம் கரடு."

ராம்ப் என்பது ரவை ஏறி சேம்பருக்குள் போகிற சிறு சரிவு. அது கண்ணாடி போல வழுவழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்களால் எல்லாம் இழந்த மனிதரிடம் இது உங்கள் பிழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பழியைத் துப்பாக்கியின் தலையில் போட்டேன். சொன்ன பொய்க்கு வேலை காட்டவேண்டுமே என்று டிறெமலை எடுத்தேன். மினுக்கத் தொடங்கி, சேம்பரின் வாய் விளிம்பு வரைக்கும் தேய்த்துவிட்டேன். கம்பனி செய்த புது ரவையைப் போட்டு, கடையின் சோதனைப் பெட்டிக்குள் சுட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. முதலிலேயே அப்படிச் சுட்டிருந்தாலும் சிக்கியிருக்காது. நானா சந்தோஷமாகக் கொண்டுபோனார்.

3. சனிக்கிழமை

வீட்டில் காலையிலிருந்து தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வன்னிச் சனம் அடைபட்டிருந்த கடற்கரைக் கீற்று ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், வியாழக்கிழமை செய்த வேலையின் முழு அர்த்தமும் எனக்கு உறைத்தது.

சேம்பரின் விளிம்புதான் கோதின் அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது. அதைத் தேய்த்தால் அந்த இடத்தில் கோது அந்தரத்தில் நிற்கும். பல தடவை வெடித்துக் களைத்த கோது என்றால் அங்கே பிளந்துபோகும். நெருப்பு மகசீன் வழியாகக் கீழே பாயும். கீழே இருப்பது பிடித்திருக்கிற கை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை சலீம் நானாவுடையது. கையால் உழைக்கிற மனிதர்.

ரிசீற்றில் இருந்த நம்பருக்கு மூன்று தரம் அடித்தேன், எடுக்கவில்லை. விலாசத்தைப் பார்த்துக்கொண்டு காரை எடுத்தேன். மனைவி எங்கே என்று கேட்கக்கூட இல்லை. அவர் கண்கள் திரையிலேயே இருந்தன.

நானா கராஜில்தான் இருந்தார். வந்த வேகத்திலேயே சொல்லிவிட்டேன். பரலைக் கெடுத்துவிட்டேன், நாளைக்குச் சுடவேண்டாம், புதுப் பரல் நான் போட்டுத் தருகிறேன், பிழை முழுக்க ரவையில்தான், அது எனக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும் என்றேன். அவர் பிஸ்டலைக் கழற்றி, பரலை நிமிர்த்திப் பிடித்து, தன் ரவைகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். ஆறாவது இறுகி நின்றது. அதை நகத்தால் கிளப்பி எடுத்தார்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் நல்லாயிருக்கெண்டு சொன்னனீர்?"

சோனகத் தெரு என்று சொன்னபின் சொல்ல முடியவில்லை என்றேன். தொண்ணூறில் அந்தச் சனத்தை ஏற்றிக்கொண்டு லொறிகள் போகும்போது லேத் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொல் சொல்லவில்லை என்றும் சொன்னேன். இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் உயரவில்லை.

"அண்டைக்குப் பிழையெண்டு தெரிஞ்சும் பேசாம நிண்டீர். முந்தநாளும் அதையேதான் செய்திருக்கிறீர். எனக்கு இரக்கம் காட்டுறதெண்டு நினைச்சுக்கொண்டு என்ர கையைப் போக்கப் பாத்தீர், தம்பி."

 மன்னிக்கச் சொன்னேன். அந்த மன்னிப்பைத் தரத் தான் ஒருவர் போதாது, தன்னைப் பெற்ற உம்மா புத்தளத்து அகதி முகாமிலேயே உயிர்விட்டு மௌத்தாகிவிட்டார் என்றார். பிறகு கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, ரவை செய்வதில் தான் எங்கே பிழை விடுகிறார் என்று காட்டச் சொன்னார். கோதின் வாயை ஒடுக்குகிற டையை எவ்வளவு இறக்கவேண்டும் என்று காட்டினேன். முதல் தடவை அவர் பிழையாகத் திருப்பினார். "நானா, அது பிழை" என்றேன். அந்த மூன்று சொல்லும் வாயைவிட்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்ப இறக்கினார்.

4. அதன் பிறகு

ஞாயிற்றுக்கிழமை நானா போட்டிக்குப் போகவில்லை. திங்கட்கிழமை ஊரில் போர் எல்லாம் முடிந்ததாகச் செய்தி வந்தது. அக்கா முகாமில் இருக்கிறார் என்று தெரிய ஓகஸ்ட் மாதம் ஆனது. செவ்வாய்க்கிழமை பொஸ்ஸிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் நான் கழற்றிக் கொண்டுவந்த கெட்ட பரலை வெட்டி எறிந்துவிட்டு, நாலு மாதம் என்னைத் துப்புரவு வேலைக்கு விட்டார். சரியான தண்டனைதான்.

ரவையை முதலில் பார், இரும்பைக் கடைசியில் தொடு என்பதை எந்தக் கடையிலும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு. எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பிழையை மறைக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே அநியாயம் நடந்திருந்தால் கட்டாயம் மறைக்காதீர்கள். எங்கள் மௌனத்துக்கு அந்த மனிதர் ஏற்கெனவே ஒரு ஊரைக் கொடுத்திருந்தார். நான் அவருடைய கையையும் கேட்கப் பார்த்தேன்.