அரை ஆளுக்கு அரை லீவு

என் கணவருக்கு வங்காளத்து அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம். மாற்றல் என்று சொல்லி என்னையும் கூட்டி வந்து குவார்ட்டர்ஸில் உட்கார வைத்துவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் கிடர்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், கயிறு, சோப்பு என்று சப்ளை செய்கிற கம்பெனி. முதலாளி தூத்துக்குடிக்காரர். பெரிய நியாயஸ்தர். அவருடைய நியாயம் என்னைப் படுத்திய பாட்டை எந்த அநியாயமும் படுத்தியதில்லை.

முழு நேர ஆட்கள் நான்கு பேர். பகுதி நேரம் நாங்கள் இரண்டு பேர். நான் தினமும் காலையில் மட்டும் போவேன், மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவேன். டைப் அடிக்கும் வங்காள அம்மாள் திங்கள், புதன், வெள்ளி மட்டும், ஆனால் முழு நாளும் வருவார். எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா.

அந்த வருடம் துர்கா பூஜைக்கு நான்கு நாள் லீவு என்று அறிவித்த முதலாளி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அது முழு ஆளுக்கும்மா. பாதி வேலை பாக்கிற உங்களுக்கும் அதே லீவுன்னா, அந்த நாலு பேருக்கும் வயிறு எரியாதா? நீ கணக்குப் படிச்ச பிள்ளைதானே, ஒரு வழி சொல்லு."

பி.எஸ்ஸி. கணக்கு என்று இன்டர்வியூவில் பெருமையடித்துத் தொலைத்திருந்தேன். மண்டையை உடைத்துக்கொண்டு நான் சொன்ன எந்த வழியும் அவருக்குப் பிடிக்கவில்லை. தீதி வராத கிழமையில் பண்டிகை வந்தால் அவருக்கு நஷ்டம், வருகிற கிழமையில் வந்தால் கம்பெனிக்கு நஷ்டம், இரண்டுமே தப்பு என்றார். கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார். அரை ஆளுக்கு அரை லீவு. பூஜை நாட்களில் நாங்கள் காலையில் வேலைக்கு வர வேண்டும், மதியத்துக்கு மேல் லீவு.

"சார், மத்தியானம் நான் எப்பவுமே வர்றதில்லையே."

"அதனால என்னம்மா? லீவு லீவுதான்."

அதாவது, நான் ஒருநாளும் வேலை செய்யாத நேரத்தை எனக்கு விடுமுறையாகக் கொடுத்துவிட்டார். வீட்டில் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கென்ன, சர்க்கார் லீவு.

தீதி சிரிக்கவில்லை. பூஜையின் முக்கிய நாளான அஷ்டமி அந்த வருடம் வெள்ளிக்கிழமை. சிலிகுரியில் கட்டிக்கொடுத்த ஒரே மகளை அவர் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் அஷ்டமியன்று காலை வந்து அன்று இரவு ரயிலிலேயே திரும்புகிறாள். அதற்கு மேல் மாமியார் வீட்டில் விடவில்லை. மகளோடு பூவைக் கையில் வைத்துக்கொண்டு துர்கை முன்னால் அஞ்சலிக்கு நிற்க வேண்டும், பிறகு அந்த ஒரு நாளும் அவளோடு இருக்க வேண்டும். தீதி கேட்டது அவ்வளவுதான். சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விடுங்கள் என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். "பூஜை சமயத்தில் சம்பளம் பிடிப்பதா, மகா பாவம்" என்று முதலாளி காதைப் பொத்திக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது தீதிக்குக் கண் கலங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே முதலாளி மேஜைக்குப் போனேன்.

"சார், என் அரை லீவையும் தீதிக்கே கொடுத்திடுங்க. ரெண்டு அரை சேந்தா ஒரு முழு நாள்."

மறுநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "ராத்திரி பூரா யோசிச்சேன். மத்தியானம் உனக்கு வேலையே கிடையாது. இல்லாத வேலைக்கு உண்டான லீவை எப்படி இன்னொருத்தருக்குக் கொடுக்க?"

"அப்ப எனக்கு மட்டும் எப்படி சார் கொடுத்தீங்க?"

"அது உன் உரிமைம்மா. அதை யாரும் தொட முடியாது."

மனிதர் கேலி செய்யவில்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். போனால் போகிறதென்று தீதியின் லீவை மட்டும் காலைக்கு மாற்றினார். மதியம் கட்டாயம் வந்துவிட வேண்டும்.

அஷ்டமியன்று காலை, முழு ஆட்கள் நால்வரும் புதுச் சட்டை போட்டு ஊர் சுற்றிக்கொண்டிருக்க, ஆபீஸுக்குப் போனவர்கள் நானும் முதலாளியும் மட்டும். சாவி அவரிடம் இருந்ததால் அவருக்கும் வேறு வழியில்லை. எங்கள் சந்து முழுவதையும் அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மூங்கில் இடித்து ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. இருவரும் குனிந்து உள்ளே நுழைந்தோம். வெளியே டாக் மேளம் காதைப் பிளந்தது. எந்தக் கப்பலும் எங்களைத் தேடவில்லை. வந்தது ஒரே ஒரு போன். சாப்பிட வருகிறீர்களா, இல்லை அங்கேயே குடித்தனம் நடத்தப் போகிறீர்களா என்று முதலாளியின் மனைவி கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

ஒரு மணி அடித்தது. அந்த நிமிடத்திலிருந்து நான் லீவில் இருந்தேன். சந்தில் கூட்டம் நெரிந்ததால் லீவையும் ஆபீஸிலேயே கழித்தேன்.

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து தீதி வந்தார். சிவப்புக் கரை போட்ட புதுச் சேலை. பின்னால் மகள். சாயங்காலம் வரை அவளை விட்டுவர மனம் வராமல் கையோடு கூட்டி வந்துவிட்டார். மகள் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தாள். தீதி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, யாருக்கும் அவசரமில்லாத ஒரு விலைப் பட்டியலை அடிக்க ஆரம்பித்தார். மகள் தொன்னையில் கொண்டு வந்த பிரசாதத்தைப் பிரித்தாள். அம்மாவின் இரண்டு கையும் வேலையில் இருந்ததால் சந்தேஷ் இனிப்பைக் கிள்ளிக் கிள்ளி வாயில் ஊட்டினாள். தீதி மென்றுகொண்டே அடித்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நான் முழு ஆளா, அரை ஆளா?"

"முழு ஆள்தான் சார்."

"அப்ப இன்னைக்கு எனக்கு லீவு உண்டுல்லா?"

"தாராளமா உண்டு சார்."

"சாவி எங்கிட்ட. நான் லீவுல போனா ஆபீஸ் திறந்திருக்க முடியாது. இது தீதிக்கு லீவில்ல, கணக்குல வராது." பிறகு தீதியிடம், "பாடி ஜான், தீதி" என்றார், வீட்டுக்குப் போங்கள் என்று.

நாங்கள் வெளியே வந்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். பூட்டிய கையோடு என் பக்கம் திரும்பி, "ஆனா ஒண்ணு, காலையில நான் வேலை பாத்திட்டேன். அப்ப எனக்கு இது முழு லீவா, அரை லீவா?" என்று ஆரம்பித்தார்.

தீதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த முகத்தை அவர் பன்னிரண்டு வருடமாகப் பார்த்தவர். செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டார், மறு கையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார், கூட்டத்துக்குள் ஓடினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.