சென்னிமலைக்கு விழுந்த பூஜ்யம்

டாக்டர் ஸ்ரீதேவி வைத்த ஞாபகசக்திப் பரீட்சையில் பசம்மா கோட்டை விட்டாள். "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. தாளில் ஒரு பூஜ்யம் விழுந்தது.

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் சென்னிமலைக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "ஏனுங்க டாக்டரு, நாப்பத்திநாலு வருசமா அவ எம்பேரச் சொன்னதே இல்லீங்க. சென்னிமலைன்னு ஒரு ஊரு இருக்குதுல்லீங்க, அதக்கூட 'போர்வை ஊரு'ம்பா. அந்த சைபர அழிச்சுப்போடுங்க!"

டாக்டர் அழிக்கவில்லை.

சென்னிமலை கர்நாடகத்து ஹனூர்க்காரர். மைசூரில் டெலிபோன் கேபிள் ஒட்டியே ரிட்டையர் ஆகி, அங்கேயே விஜயநகரில் வீடு கட்டினவர். பாதி ஆயுளை ரோட்டோரக் குழிக்குள் கழித்த மனிதர், மேலே நிற்கிறவர்களைக் கண்டு பயந்ததே கிடையாது. டாக்டர் மூளைப் படத்தை வைத்து விளக்கினார். மூளையின் ஒவ்வொரு பகுதியும் மற்றவற்றோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்யுமாம். அல்சைமர் வந்தால் அந்தத் தொடர்புகள் ஒவ்வொன்றாய்த் தளருமாம்.

"அட, எக்ஸ்சேஞ்சு இருக்குது, நடுவுல ஜாயிண்டு போயிருச்சு. இதச் சொல்லவா இத்தன படிப்பு?" என்றார் சென்னிமலை.

எந்த லைனில் உயிர் இருக்கிறது என்று சோதிப்பது அவர் தொழில். வீட்டிலும் ஆரம்பித்தார். தினமும் குளித்துவிட்டு, இத்தனை வருஷம் மறதியாய் வீசிய ஈரத்துண்டை இப்போது வேண்டுமென்றே மெத்தைமேல் வீசினார்.

"எத்தன வாட்டி சொல்றதுங்க, ஈரத்துண்ட அங்க போடாதீங்கன்னு!" என்று பசம்மா பாய்ந்தாள்.

லைன் வேலை செய்கிறது! திட்டு வாங்கிய குஷியில் மனிதர் காபி போடப் போனார். ஆறு மாதம் அந்த மெத்தை காயவே இல்லை. அவளுக்குத் தன்னைத் தெரியும், டாக்டர்தான் முட்டாள் என்று மகள் பூங்குழலியிடம் போனில் தினமும் வாதாடினார்.

போன வெள்ளிக்கிழமை காலையும் துண்டை வீசினார். பசம்மா திட்டவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? வெளிய போங்க. எங்கூட்டுக்காரரு வந்தா சும்மா உடமாட்டாரு."

"உங்கூட்டுக்காரரு பேரு என்னங்க?" என்று சென்னிமலை மெல்லக் கேட்டார்.

பசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அதெப்படிங்க சொல்றது? போர்வை ஊரு இருக்குதுல்லீங்க, அதுதான்."

டாக்டர் போட்ட பூஜ்யம் தப்புதான். பேர் இருக்கிறது, புருஷன் இருக்கிறான், அந்தப் பாழாய்ப்போன வெட்கம்கூட அப்படியே இருக்கிறது. இவர் முகத்துக்கு வருகிற ஜாயிண்டு மட்டும் போய்விட்டது.

சென்னிமலைக்கு அழுகை வந்தது. ஈரத்துண்டை எடுத்துப்போய், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் கொடியில் காயப்போட்டார்.