முப்பத்தொரு கட்டைகள்

அவரை எல்லாரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். போர்க்காலம். பீரங்கி செய்ய இரும்பு வேண்டுமென்று அரசாங்கம் மலையடிவாரம் முழுக்கத் துளைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரம் பூமிக்குள்ளிருந்து எடுத்துத் தரும் கல்லுருளைகளை வரிசை குலையாமல் மரப்பெட்டியில் அடுக்குவது இவர் வேலை. கல் வராமல் வெறும் களிமண் கரைந்துபோன ஆழத்துக்கு ஒரு மரக்கட்டை வைக்க வேண்டும். எத்தனையாவது அடி, என்ன தேதி என்று அதில் எழுதினால், அன்றைக்கே அதிகாரி கையெழுத்துப் போடுவார். இந்த முறையைச் சொல்லிக் கொடுத்ததே அந்த மகானுபாவர்தான்.

அவருடைய அக்கா வீட்டுக் கொல்லையில் போட்ட துளையில் இரும்புக் கல்லைவிடக் கட்டைதான் அதிகம். எண்ணி முப்பத்தொன்று. பெட்டிக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. களிமண்ணுக்காக யார் வீட்டை இடிக்கப்போகிறார்கள்?

தலைநகரிலிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தந்தி வந்ததும் நம் அதிகாரிக்குக் கை கால் ஓடவில்லை. கட்டைகளை எடுத்துவிட்டுக் கல்லை நெருக்கி அடுக்கச் சொன்னார். பெட்டிக்காரர் அசையவில்லை.

"ஐயா, கட்டையை எடுத்துட்டா அடிவரைக்கும் இரும்புன்னுதானே நினைப்பாங்க? எங்க அக்கா வீடு அங்கதான் இருக்கு."

"நாடே பத்தி எரியுது, உனக்கு உங்க அக்கா வீடு! எடுக்கிறியா, வேற ஆளை வெச்சுக்கவா?"

வேறு ஆள்தான் எடுத்தான். அடுப்பெரிக்க என்று மூலையில் கொட்டிய கட்டைகளை இவர் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வேலை அன்றோடு போயிற்று.

வந்தவர்கள் பெட்டி நிறையக் கல்லைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். அடுத்த மாதமே அக்காவுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. பெட்டிக்காரர் சாக்கோடு ஏறாத அலுவலகப் படி இல்லை. எந்த வாசலிலும் உள்ளே விடவில்லை. அக்கா தன் கையால் சாந்து பூசிய சுவர்கள் ஒரே காலையில் தரைமட்டமாயின. பிறகு தோண்டினார்கள். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே களிமண், அதற்கும் கீழே களிமண்.

அதோடு விட்டார்களா? விசாரணை என்று வந்ததும், பெட்டி அடுக்கியவன் கட்டை வைக்க மறந்துவிட்டான் என்று கூசாமல் எழுதிக் கொடுத்தார் அந்த அதிகாரி.

விசாரணைக்குப் பெட்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். இந்த முறை சாக்கோடு உள்ளே விட்டார்கள். கூடவே அக்காவும் வந்தாள். அவர் சாக்கை அவிழ்த்து, அந்த அதிகாரி உட்கார்ந்திருந்த மேசைமேல் கட்டைகளை ஆழ வரிசைப்படி அடுக்கினார். பழக்கம், வரிசை தப்பவில்லை. முப்பத்தொன்றாவது கட்டை அதிகாரியின் முழங்கையை இடித்தது.

"நான் மறந்துட்டேன்னா, இதுல எல்லாம் இருக்கிறது யாரு கையெழுத்துங்க ஐயா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்கா ஒரு கட்டையை எடுத்து, அதிலிருந்த தேதியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதை அவருக்கு முன்னால் மெல்ல வைத்தாள்.

"இந்தத் தேதியில என் வீடு நின்னுக்கிட்டு இருந்துச்சுங்களே."