சாட்சி சொன்ன பிறகு

என் மகளுக்குப் பத்து வயது. வலிப்புக்காகக் கண்டி ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகளைக் கொடுத்துவந்தேன். நாங்கள் போகும் ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். மூன்று மாதம் வலிப்பு வரவில்லை.

"எழும்பி சாட்சி சொல்லுங்க, சிஸ்டர்" என்றார்.

"என் பிள்ளை சுகமாயிட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகும் குளிசை கொடுத்தால் சொன்ன சாட்சி பொய்யாகிவிடுமே என்று அன்றோடு நிறுத்திவிட்டேன்.

சில வாரம் கழித்துக் கலஹா போகும் பஸ்ஸில் அவளுக்குக் கடுமையான வலிப்பு. டிரைவர் வேறெங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார். கண் விழித்தவள் அழுதாள். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்திலும் இரண்டு தடவை கை இழுத்ததாம்.

"நீங்க சாட்சி சொல்லிட்டீங்களேம்மா, அதான் சொல்லல."

கூட்டத்தில், "உங்க விசுவாசம் கொறஞ்சு போச்சு" என்றார்கள். அங்கே போவதை விட்டோம். பல மாதம் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை.

ஒருநாள் மகள், "இயேசப்பாவுக்கு என்மேல கோவமாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடா, அம்மாதான் பிழை செஞ்சேன்" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குத்தான் மறுபடி இரண்டு பேரும் சேர்ந்து ஜெபித்தோம்.

இப்போது காலையில் முதலில் குளிசை, பிறகு ஜெபம். இரண்டுக்கும் நடுவில், "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். சில நாள், "நல்லா இல்லம்மா" என்பாள். அவள் பயப்படாமல் அப்படிச் சொல்கிறாளே, அந்தச் சாட்சி எனக்குப் போதும்.