விலகினனீரோ, விலக்கினவையோ?

மருதனார்மடம் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்க நின்றபோதுதான் மிஸ் நேசமணி காலமான செய்தி என்னை எட்டியது. அவருடைய ஆலயத்தைச் சேர்ந்த ஒருவர் சொன்னார். பையை வியாபாரியிடமே விட்டுவிட்டு உடுப்பிட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மிஷன் பள்ளியில் படித்து, தொழிலாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் அரசாங்க அலுவலகமான தொழிற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மனுவில் எழுத்துப் பிழை கண்டால், அதைத் திருத்த வைத்த பின்புதான் ஆளை இருக்கச் சொல்வார். எங்களுக்கு அவரிடம் கொஞ்சம் பயம்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு சோடாக் கொம்பனியில் வேலை செய்தேன். தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லையேல் கந்தோரின் அனுமதி வேண்டும். அப்படி இல்லாமல் யாரையும் வேலையால் நிறுத்த முடியாது என்று அப்போதுதான் சட்டம் மாறியிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். ஆட்குறைப்பு என்று எங்கள் அறுவரைக் கூப்பிட்டு, துரத்தப்பட்டவன் என்ற பெயர் எதற்கு, நீங்களாகவே விலகுவதாக எழுதித் தாருங்கள், அதுதான் மரியாதை என்றார். நாங்களும் அந்த மரியாதையில் மயங்கி எழுதிக் கொடுத்தோம். மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளிடம்கூட, பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்றே சொல்லி வைத்தேன்.

வேறு வேலைக்குப் பதியக் கந்தோருக்குப் போன என்னிடம் மிஸ் கேட்டார்: "நீர் விலகினனீரோ, உம்மை விலக்கினவையோ?"

"விலக்கினவை எண்டு சொன்னால் சனம் என்ன கதைக்கும், மிஸ்?"

"உந்த 'க்' எண்ட ஒரு எழுத்துக்குள்ளைதான் உம்மடை வேலை கிடக்கு. முதலாளி கேட்டு எழுதுவிச்ச கடிதம் சம்மதம் ஆகாது. விசாரணையிலை அவருக்கு முன்னாலை நீர் அதைச் சொல்லவேணும்."

மற்ற ஐவரையும் அவரே வீடு வீடாகப் போய் விசாரணைக்குக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. எங்களில் மூத்தவரான ராசையா அண்ணை, தான் விரும்பித்தான் விட்டதாகப் படலையடியிலேயே சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் மனைவியிடம் உண்மையைச் சொல்லி அழுதுவிட்டு, மறுநாள் விசாரணையில், முதலாளிக்கு முன்னால், என்னை விலக்கினார்கள் என்று சொன்னேன். வேலை திரும்பக் கிடைத்தது. நன்றி சொல்லப் போனபோது மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பே இல்லை. "ஐஞ்சு பேரை விட்டிட்டனே," என்றார். பிறகு எங்கே கண்டாலும் அந்த ஐவரைத்தான் விசாரிப்பார். எனக்கு அதில் சற்றுப் பொறாமையும் உண்டு.

நேற்று ஆலயத்துக் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் மிஸ்ஸின் குழிக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். ராசையா அண்ணை நின்றார். என்னைப் பார்க்கவில்லை. குழிக்கு அருகில் போய்க் குனிந்து, பக்கத்தில் இருப்பவருடன் கதைப்பதுபோலச் சொன்னார்: "மிஸ், என்னையும் விலக்கினவைதான்."

கேட்டீர்களா, மிஸ்? பத்து வருடம் பிந்திவிட்டார். இனி எந்தக் கந்தோரும் அதைப் பதியாது. ஆனாலும் உங்களிடம் சொல்லிவிட்டார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.