பெரிதாக்கிவிட்டு எடுத்த படங்கள்

எங்கள் பழைய அலுவலகத்துக்கு எதிரே, மஞ்சக்குப்பம் மைதானத்துச் சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் சூப்பிரண்டு அம்மாவின் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியைப் போன வாரம் பார்த்தேன். பெயர் தெளிவாக இருந்தது. பதவி தெளிவாக இருந்தது. வருந்துவோர் பட்டியல் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது. முகம்தான் இல்லை. அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை யாரோ கைப்பேசியில் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அச்சகத்தில் ஆளுயரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு கட்டங்கள். மூக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். "பெருசாக்கிட்டுப் படம் புடிங்க. புடிச்சிட்டுப் பெருசாக்காதீங்க" என்று ஓர் அலுவலகத்துக்கே பாடம் நடத்தியவருக்கு இப்படி ஒரு படம்.

நானும் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் அடுத்த மேசையில் இருந்த அவரைத்தான் குறிக்கும். ஓய்வூதியப் பிரிவு அவருடையது. கோப்பைத் திறக்காமலேயே உள்ளே எந்தச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிடுவார். அந்த வேலை முழுவதும் கணினிக்குப் போகிறது என்று ஆணை வந்தபோது அவருக்கு ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. இடது கண்ணில் புரை, வலது கண்ணும் அந்த வழியில். கணினி பிடிபடாதவர்களைப் பதிவறைக்கு மாற்றிவிடலாம் என்று எங்கள் அதிகாரி வாயால் சொன்னார். எழுத்தில் சொல்லவில்லை, எழுதினால் யாராவது மேல்முறையீடு செய்வார்கள் அல்லவா. பதிவறை என்பது பழைய கோப்புகளும் அவற்றின் தூசியும் குடியிருக்கும் இடம். சூப்பிரண்டு அம்மாவுக்கு ஆஸ்துமா. அதைவிட, தன் நாற்காலியில் வேறொருவர் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் நடந்து போவது அவருக்கு ஆகாது.

கற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை கற்றுக்கொடுத்த விதம்தான் அவருக்கு ஒத்துவரவில்லை. "அந்தப் புள்ள டக்குடக்குன்னு அமுக்கிட்டு, 'அவ்ளோதான் மேடம்'னு எழுந்து போவுது சார். என்னா அவ்ளோதான்? எனக்கு அச்சுல குடுங்க. பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் பாத்துப் பாத்துச் செய்றேன்" என்றார். சட்டம் படித்து, விதிகளைப் படித்து, அச்சில் உள்ளதை மட்டுமே நம்பி முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரின் நியாயம் அது. நடைமுறை நூல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விதி, துணைவிதி, விதிவிலக்கு என்று எழுதுவதில் எனக்கு அலாதி இன்பம் உண்டு. வார்த்தைகளை முடித்துவிட்டேன். திரையின் படங்கள்தான் காலை வாரிவிட்டன.

எங்கள் அலுவலகத்தில் வெளியே போகும் எந்தத் தாளுக்கும் ஒரு சடங்கு உண்டு. அச்செடுக்க வேண்டும், அதிகாரி சுருக்கொப்பம் இட வேண்டும், வட்ட முத்திரை குத்த வேண்டும், பிறகு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். திரைப் படங்களுக்கும் அதையே செய்தோம். கணினித் திரையைப் படமாகப் பிடித்து, நான் விளக்க வேண்டிய மூலையை மட்டும் வெட்டி, பக்க அகலத்துக்கு இழுத்து, எங்கள் பழைய பிரிண்டரில் அச்செடுத்து, ஒவ்வொன்றிலும் ஒப்பமும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து சிதம்பரத்துக்கு அனுப்பினோம். அங்கே கீழவீதியில் என் மைத்துனர் அச்சகம் வைத்திருந்தார். வந்த மெய்ப்பைப் பிரித்த சூப்பிரண்டு அம்மா, தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன் சார். உங்களுக்கும் இப்படித்தான் தெரியுதா?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மார்கழிக் காலையில் பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. 'சேமி' என்ற பொத்தான் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அது பொத்தான் அல்ல, எங்கள் வட்ட முத்திரை.

மைத்துனரைத் தொலைபேசியில் பிடித்து இரைந்தேன். அவர் அதைவிட இரைந்தார். "மாமா, நீங்க அனுப்புனதத்தான் மாமா நான் அடிச்சேன். கழுவித் தொடச்சி அடிக்க நான் என்னா மந்திரவாதியா? கம்ப்யூட்டர்ல புடிச்ச படத்த அப்படியே குடுங்க. சுருக்கிக் கெடுக்குற ஜேபிஜி வேணாம், பிஎன்ஜியா குடுங்க. வாட்ஸ்அப்புல மட்டும் போட்றாதீங்க, பென்டிரைவ்ல கொண்டாங்க." முத்திரை இல்லாமல் எப்படி என்றேன். "அப்ப என் அச்சுப் பிளேட்டு மேலயும் ஒரு முத்திரை குத்திட்டுப் போங்க" என்று வைத்துவிட்டார்.

சிக்கலுக்கு நடைமுறையிலேயே வழி உண்டு என்பது என் கட்சி. பென்டிரைவை ஓர் உறையில் போட்டு, உறைமேல் ஒப்பமும் முத்திரையும் வாங்கினேன். சடங்கு நிறைவேறியது, படம் தப்பியது. ஆனால் சிதம்பரம் போய் மைத்துனரின் திரையில் பார்த்தால், மூடுபனி விலகியிருந்ததே தவிர எழுத்தெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக இருந்தது. சின்னதாய்ப் பிடித்ததை இழுத்துப் பெரிதாக்கினால் அப்படித்தான் ஆகும் என்றார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அந்தப் படத்தில் ஒவ்வொரு எழுத்தும் புதுச் சவரக்கத்தி போல் இருந்தது. "மாமா, இது மட்டும் எந்த மெஷின்ல எடுத்தது?"

மேல் மூலையில் பார்த்தேன். 'வருக: கண்காணிப்பாளர் 2.' சூப்பிரண்டு அம்மாவின் இருக்கை. என் கணினி மக்கர் செய்த ஒருநாள் அங்கே எடுத்த படம்.

காரணம் உடனே விளங்கியது. கண் தெரியாததால் அவர் தன் திரையில் எழுத்துகளை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கி வைத்திருந்தார். ஒரு படிவத்தைப் பார்த்து முடிக்க மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பார். அலுவலகத்தின் மதிய நேரக் கேலிகளில் அது நிரந்தரமானது. பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் உதவியாளர் பையன் ஒருநாள், "மேடம், உங்க ஸ்க்ரீன மைதானத்துக்கு அந்தாண்டேர்ந்தே படிக்கலாம்" என்றான். அவர் தலையை நிமிர்த்தாமல், "படி. ஆனா லீவு எழுதிக் குடுத்துட்டுப் போய்ப் படி" என்றார். அந்தக் கேலிக்கு ஆளான திரையில், எனக்கு வேண்டிய மூலை வெட்டாமலே முழுத் திரைக்கு நின்றது. பிடித்தபின் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. மைத்துனர் சொன்னதைத்தான் பிறகு சூப்பிரண்டு அம்மா தன் வாசகமாக எடுத்துக்கொண்டார்: பெருசாக்கிட்டுப் புடிங்க, புடிச்சிட்டுப் பெருசாக்காதீங்க.

மறுநாள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எல்லாப் படங்களையும் அவர் இருக்கையிலிருந்தே எடுப்பது என்று ஏற்பாடு. நான் எழுதிய வரிசையை வாய்விட்டுப் படிப்பேன், அவர் அமுக்குவார், திரை மாறும், படம் பிடிப்போம். எங்கேயாவது அவர் தடுமாறினால் என் வாக்கியம் சரியில்லை என்று பொருள், அடித்துத் திருத்துவேன். நூல் முடிந்த அன்று ஓர் ஓய்வூதியக் கோப்பை எடுத்து, நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சைகை காட்டிவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை தானே செய்தார். 'சேமி' என்பதை அமுக்கிவிட்டுத் திரும்பி, "அவ்ளோதான் சார்" என்றார். அச்சான நூல் வருவதற்குள் அவருக்கு அது தேவைப்படாமல் போயிருந்தது. பதிவறைப் பேச்சை அதிகாரி அதற்குப் பிறகு எடுக்கவில்லை. எழுத்தில் இல்லாததால் அதை ரத்துசெய்யும் வேலையும் யாருக்கும் இல்லை. சூப்பிரண்டு அம்மா அந்த நாற்காலியிலிருந்தே ஓய்வு பெற்றார்.

இன்று அந்த மென்பொருள் வேறாகிவிட்டது. என் நூலால் யாருக்கும் பயன் இல்லை. வீட்டு அலமாரியில் ஒரு பிரதி இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், எழுத்துகள் அன்று போலவே கூர்மையாக, மேல் மூலையில் அவருடைய இருக்கையின் பெயரோடு நிற்கின்றன. எனக்கும் இப்போது புரை. என் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். அவரைப் போல் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வருவதில்லை.

சுவரொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கிட்டே போகப் போகக் கட்டங்கள்தான் அதிகமாயின. சலித்துப்போய் மைதானத்தைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனேன். டீயை வாங்கிக்கொண்டு எதேச்சையாகத் திரும்பியபோது சுவரில் அவர் இருந்தார். தூரத்தில் கட்டங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய், மூக்குக்கண்ணாடி, அதற்கு மேலாகப் பார்க்கும் அந்தப் பார்வை, லேசாகச் சலித்த வாய், எல்லாம் துல்லியமாக வந்துவிட்டிருந்தன. டீ ஆறும்வரை மைதானத்துக்கு அந்தாண்டேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். லீவு எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.