மூன்றில் இரண்டு

நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இது நடந்தது. ஃபிஜியில், நந்தி விமான நிலையத்தில், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில். உனைசி இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கணினி அறைக்குள் மட்டும் தனியாகப் போவதில்லை.

வானத்தில் இருக்கும் ஒவ்வொரு விமானத்தின் விவரமும் அந்த அறையின் மூன்று கணினிகளில் பதிவாகியிருக்கும். எந்த விமானம், எந்த உயரம், உள்ளே எத்தனை பேர். மூன்றிலும் ஒரே விவரம்தான். ஒன்று பழுதானால் மற்றவை தாங்கும். ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால், மற்ற இரண்டும் சொல்வதே உண்மை. மாற்றிச் சொன்னதை நிறுத்தித் திருத்திவிட வேண்டும். அதுதான் உனைசியின் வேலை. இத்தனை வருடத்தில் அந்த விதி ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

பெரிய விமானங்கள் பசிபிக் கடலைக் கடப்பது பெரும்பாலும் இரவில். அதனால் பராமரிப்பு வேலையெல்லாம் பகலில்தான். ஜன்னல் இல்லாத அறை. மின்விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல். உனைசி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மணி 2.10.

டிங்...

மூன்றாவது கணினி மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை. எந்த விமானம் என்று பார்த்தாள். அவளுடைய அண்ணன் இசிகேலி ஓட்டிவரும் சின்ன விமானம். பக்கத்துத் தீவிலுள்ள லம்பாசாவிலிருந்து புறப்பட்டுக் கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கணினி, உள்ளே ஆறு பேர் என்றது. முதல் இரண்டும் ஐந்து என்றன.

கிளம்பும்போது மூன்றுமே ஆறு என்றுதான் காட்டின. அவளே பார்த்திருந்தாள். விமானம் கடலில் விழுந்தால் எத்தனை பேரைத் தேடுவது என்பதற்காக வைத்திருக்கும் எண் அது. பறக்கும்போது அதை யாரும் தொடமாட்டார்கள். மாற்றியது யார் என்று தேடினாள். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

முதல் இரண்டிலும் ஆறு என்று தட்டினாள். மாறியது.

டிங்... மறுபடியும் ஐந்து.

பக்கத்து அறைக்கு ஓடினாள். விமானங்களோடு ரேடியோவில் பேசும் கம்லேஷ் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். இசிகேலியிடம் எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஏன், வர்ற வழியில யாரையாவது இறக்கி விட்டுட்டான்னு பயமா?"

ஆனாலும் கேட்டான். கரகரவென்று பதில் வந்தது.

"ஆறு, என்னையும் சேத்து. விருந்து வைக்கப் போறீங்களா?"

அவள் திரும்பி வந்தாள். திரையில் ஒரே ஒரு கேள்வி காத்திருந்தது. மூன்றாவது கணினியை நிறுத்தலாமா?

விதிப்படி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஆறு ஐந்தாகிவிடும். ஒருவர் இல்லாமல் போவார்.

அது யார்?

முதல் முறையாக விதியை மீறினாள். ஒத்துப்போன இரண்டையும் நிறுத்தினாள். மூன்றாவதை மட்டும் ஓடவிட்டாள். அதில் ஆறு இருந்தது. அண்ணன் இருந்தான்.

விசிறிகளின் இரைச்சல் குறைந்தது.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் தொடவில்லை...

ஆறு, ஐந்தாகியது.

நிறுத்திய இரண்டும் தாமாகவே எழுந்தன.

ஐந்து. ஐந்து. ஐந்து.

இப்போது எந்த மணியும் அடிக்கவில்லை. எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரிந்தது.

உனைசி வெளியே ஓடினாள். சுட்டெரிக்கும் தார்த்தளத்தில் நின்றாள். சின்ன விமானம் இறங்கியது. தரையில் உட்கார மாட்டாமல் இரண்டு தடவை எம்பியது. பிறகு நின்றது.

கதவு திறந்தது. எண்ணினாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... இசிகேலி, ஐந்து. விமானியின் பக்கத்து இருக்கையிலிருந்து வேட்டி போலப் பழுப்பு சுலு கட்டிய ஒருவர் கடைசியாக இறங்கினார். தோளில் பாய்ச்சுருள்.

ஆறு.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டாள். கணினிகள்தான் பொய் சொல்லியிருக்கின்றன. இசிகேலி அவள் தலையில் தட்டினான்.

"இன்னைக்கு வண்டிதான் சரியில்ல. ஒரு ஆள் எடை கொறஞ்ச மாதிரி மெதந்துக்கிட்டே வந்துச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பழுப்பு சுலுக்காரர் வாசலைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து லம்பாசாவில் பயணிகளை ஏற்றிவிடும் ஊழியர் ஃபோன் செய்தார். மன்னிப்புக் கேட்கத்தான். அன்று வைசாலே என்ற பயணி வரவே இல்லையாம். விமான நிலையத்துக்கு வரும் வழியிலேயே, காலையில், வண்டிக்குள் உயிர் போய்விட்டது. மடியில் பாய்ச்சுருள். விமானியின் பக்கத்து இருக்கை காலியாகத்தான் கிளம்பியது. எண்ணிக்கையைத் திருத்த மறந்துவிட்டேன், ஆறு என்றே அனுப்பிவிட்டேன் என்றார்.

அன்று விமானத்தில் இருந்தது ஐந்து பேர்தான்.

இசிகேலி நம்பவில்லை. வழியெல்லாம் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளை எப்படி நம்பாமல் இருப்பது என்றான். அதிகம் பேசவில்லையாம். கடலுக்கு மேலே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாராம். கம்லேஷ் ரேடியோவில் அழைப்பதற்கு முன்பே.

"உன் தங்கச்சி என்னையும் கணக்குல சேத்துட்டாளா?"

தனக்குத் தங்கை இருப்பதை இசிகேலி அவரிடம் சொல்லியிருக்கவில்லை.